உன் நாவலில் வரும் ஏழாம் எண் வீட்டுக்காரர்

மகனே,

நீ அனுப்பிய காகிதக் கட்டு போன வாரம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தபால்காரர் அதைக் கையில் எடை பார்த்துவிட்டு, "இன்னா டீச்சர், இன்னும் பரீட்சை பேப்பர் திருத்திகினு கீறீங்களா?" என்று கேட்டார். "ஆமாம்ப்பா, பையனுக்கு அம்பது வயசு தாண்டிடுச்சு, இன்னும் பாஸாகல" என்று சொல்லி வாங்கிக்கொண்டேன். ஐந்து நாட்களில் இரண்டு முறை படித்தேன். பிழைகளைப் பென்சிலால் குறித்திருக்கிறேன். நாற்பத்தோராம் பக்கத்தில் இறந்துபோகும் கிழவர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தேநீர் குடிக்கிறார், அதைக் கவனி. போனில் நீ சொன்னது நினைவிருக்கிறது: "மம்மி, அடுத்த மாசம் அச்சுக்குப் போகுது. பிழை மட்டும் பாத்துக் குடுங்க. கதைய மாத்தச் சொல்லிடாதீங்க." கதையைத்தான் மாற்றச் சொல்லப் போகிறேன். ஒரு மனிதரைப் பற்றி நீ எழுதியிருப்பது பொய். நீ அறியாமல் எழுதிய பொய். அதை உனக்குக் கொடுத்தவள் நான். அச்சில் ஏறிவிட்டால் அதை யாராலும் இறக்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

கொடிய நகரங்களைப் பற்றிய கதைகள் உனக்குப் பதினான்கு வயதிலேயே பிடித்துவிட்டன. மனிதர்களுக்குப் பெயருக்குப் பதில் எண் இருக்கும் ஊர், மணி அடித்தால் சாப்பிட்டு மணி அடித்தால் தூங்கும் ஊர், வெளியே போக வழியில்லாத ஊர். ரீடிங் ரூமிலிருந்து அந்தப் புத்தகங்களைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவருவாய். ஒருநாள் உன் அப்பா சுரங்கத்தில் ஷிப்ட் முடிந்து வந்து, காலை நீட்டிக்கொண்டு, "இன்னாடா கதை, சொல்லு" என்று கேட்டார். நீ உணர்ச்சிவசப்பட்டு அரை மணி நேரம் சொன்னாய். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "இதுல இன்னாடா புதுசு? சங்கு ஊதுது, எழுந்திருக்கறான். நம்பர் சொல்றான், உள்ள போறான். வெளிய வந்தா தடவிப் பாக்கறாங்க. நம்ம ஊர எழுதிட்டு எவனோ பேர மாத்திகினான்" என்றார். நீ கோபித்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாய். நானும் அவரும் சிரித்தோம். முப்பத்தெட்டு வருடம் கழித்து நீ அதே ஊரை எழுதி, நீயும் பேரை மாற்றியிருக்கிறாய்.

உன் நாவல் நன்றாக இருக்கிறது. இதை நான் எளிதில் சொல்பவள் இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் ஒரு குறை. உன் நகரத்தில் யாரும் சிரிப்பதில்லை. எல்லாரும் சாம்பல் நிற உடுப்பில், தலை குனிந்து, சுவரை உரசி நடக்கிறார்கள். நான் படித்த அந்த வகைக் கதைகள் எல்லாவற்றிலுமே அப்படித்தான். நம் ஊர் அப்படியா இருந்தது? நீ ஓடி விளையாடிய ஊரிகத்தில், தங்கச் சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளை நினைத்துப் பார். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் முன்பே பாண்டு வாத்தியக்காரர்கள் தெருவில் பழக ஆரம்பித்துவிடுவார்கள். மாரியம்மன் கரகத்துக்கு நம் மாதா கோயில் பிள்ளைகள்தான் முன்னால் ஆடிக்கொண்டு போவார்கள். மாதம் முதல் ஞாயிறு லைன் முழுவதும் பன்றிக்கறி வாசனை. தண்ணீர் கம்பெனி தந்தது, வெளிச்சம் கம்பெனி தந்தது, மருந்தும் பள்ளிக்கூடமும் கம்பெனி தந்தது. சங்கு ஊதும்போது நான் உலையில் அரிசி போட்டால் உன் அப்பா வாசல்படி ஏறும்போது சோறு சரியாக வெந்திருக்கும். சுரங்கம் மூடிய பிறகு முதல் ஒரு வருடம் எனக்குச் சோறு குழைந்துகொண்டே இருந்தது. காலம் என்பதை நான் அந்தச் சங்கிலிருந்துதான் கற்றிருந்தேன். பொன்னைப் பிரித்த பிறகு கொட்டிய மண் மலையாகக் குவிந்த சயனைடு மேட்டிலிருந்து வெள்ளைத் தூசி பறந்து துவைத்த துணியெல்லாம் மாவு பூசியது போல் ஆகும். அந்தத் தூசியைத் திட்டிக்கொண்டே துணியை உதறிய பகல்கள்கூட இன்று இனிக்கின்றன. இதை நான் உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஊரை நாங்கள் நேசித்தோம். அடைத்து வைத்த ஊரை மனிதன் வெறுப்பான் என்று உன் நாவல் நம்புகிறது. அப்படி இருந்தால் எவ்வளவோ நல்லது. நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கினோம். வீடு போய்விடக் கூடாது, நல்ல பெயர் போய்விடக் கூடாது என்று எங்களுக்கு நாங்களே காவல் இருந்தோம்.

இனி மாணிக்கத்துக்கு வருகிறேன். உன் நாவலில் அவருக்குப் பெயர் இல்லை, 'ஏழாம் எண் வீட்டுக்காரர்' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். வெளிச்சமான ஓர் அறையில் உட்கார்ந்து செய்யும் வேலைக்காகப் பக்கத்து வீட்டுக்காரனைக் காட்டிக்கொடுக்கிறவர். படிக்கிற யாரும் அவரை மன்னிக்க மாட்டார்கள். அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறாய். நம் லைனில் பிறந்து வளர்ந்த யார் படித்தாலும் அது யார் என்று முதல் வரியிலேயே தெரிந்துகொள்வார்கள். அதே நாவலில் ஓர் ஆசிரியை வருகிறாள். பிள்ளைகளின் நோட்டுப் புத்தகங்களை அதிகாரிகளின் கண்ணில் படாமல் மறைத்து வைப்பவள், யாருக்கும் வளையாதவள். அது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. அந்த இரண்டு பேரையும் நீ இடம் மாற்றி வைத்திருக்கிறாய்.

உனக்கு அப்போது ஆறு வயது. சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்கள் மேலே வந்ததும் கையைத் தூக்கி நிற்க வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும், தலைமுடியைக் கோதிக் காட்ட வேண்டும். அதையெல்லாம் தாண்டி எப்போதாவது ஒரு துண்டுக் கல் யார் வீட்டுக்காவது வந்து சேரும். பொன்னோடிய கல். அதை வீட்டில் இடித்துப் பொடியாக்கித் தண்ணீரில் அலசுவார்கள். கல்லை இடிக்கும் சத்தமும் மிளகாய் இடிக்கும் சத்தமும் ஒன்றல்ல, காவல்காரர்களுக்குக் காது உண்டு. அதனால் லைன் பெண்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. ஒரு வீட்டில் உலக்கை கல்லின்மேல் விழுந்தால், அடுத்த வீட்டுக்காரி மிளகாயை உரலில் போடுவாள். அதற்கடுத்தவள் மல்லியை. ஐந்து நிமிடத்தில் லைன் முழுவதும் இடிக்கும் சத்தமாக இருக்கும். எந்த உரலில் கல் என்று கடவுளுக்குத்தான் தெரியும். யாரும் யாரையும் கேட்டதில்லை, யாரும் யாருக்கும் நன்றி சொன்னதில்லை. லைனின் கோடியில் கொஞ்சம் பெரிய வீட்டில் நாம் இருந்தோம். உன் அப்பா சுரங்கத்துக்குள் ஆட்கள் போய்வரும் இரும்புக் கூண்டை, கேஜை, ஏற்றி இறக்கும் இயந்திரத்தின் டிரைவர், நான் டீச்சர். அதனால் நான் உரலைத் தொட்டதில்லை. சத்தம் கேட்டால் சன்னலைச் சாத்திக்கொண்டு நோட்டுத் திருத்துவேன். அது என் கௌரவம் என்று நினைத்தேன்.

எட்டாம் எண் வீட்டில் கன்னியப்பன். ஏழில் மாணிக்கம். கன்னியப்பனின் மகள் அமுதா என் வகுப்பில், ஐந்தாவது படித்தாள். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியைக்கு ஓர் எண்ணம் இருந்தது: லைன் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் வராது, அதிகாரிகளின் பிள்ளைகளைத்தான் விழாவில் முன்னால் நிறுத்த வேண்டும் என்று. கான்வென்டில் படித்த எனக்கு அது பொறுக்கவில்லை. நானும் ஒரு லைன் வீட்டில் பிறந்தவள்தானே. அந்த வருடம் 'எங்கள் வீட்டில் மாலை நேரம்' என்று இங்கிலீஷில் கட்டுரை எழுதச் சொன்னேன். அமுதா இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. அதில் ஓர் இடம் வந்தது. அதைத் தமிழில் சொல்கிறேன்: 'மாலையில் என் அம்மா கல் இடிக்கிறாள். உடனே பக்கத்து வீட்டு அத்தைகள் எல்லாரும் மிளகாய் இடிக்கிறார்கள். என் அம்மா தனியாக இடிக்கக் கூடாது என்பதற்காக.'

அந்த வரியில் என் பேனா நின்றது. இதை நீ நிதானமாகப் படிக்க வேண்டும். பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், எனக்குப் புரியவில்லை, கவனிக்கவில்லை, நாற்பது தாள்களுக்கு நடுவில் தவறிவிட்டது என்று. இல்லை. எனக்குப் புரிந்தது. அந்தக் காகிதத்தை அப்படியே மடித்து என் பைக்குள் வைத்திருக்கலாம், உன் நாவலில் வரும் ஆசிரியை போல. வேறு கட்டுரை எழுதச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவ்வளவு சுத்தமான இங்கிலீஷை ஒரு லைன் குழந்தை அதற்கு முன் எழுதியதில்லை. அது என் கையால் வளர்ந்த இங்கிலீஷ். அதிகாரிகள் இதையெல்லாம் எங்கே படிக்கப் போகிறார்கள், பார்த்துவிட்டுப் போவார்கள் என்று எனக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டு, பள்ளிக்கூட விழாவன்று அதை அறிவிப்புப் பலகையின் நடுவில் ஒட்டினேன்.

கம்பெனிக் காவல் பிரிவின் அதிகாரி மனைவியோடு வந்திருந்தார். ஊருக்குப் புதியவர். அந்த அம்மாள் நல்லவர். பலகை முன்னால் நின்று முழுவதையும் சத்தமாகப் படித்தார். "எவ்ளோ அழகா எழுதியிருக்கா பாருங்க. 'தனியாக இடிக்கக் கூடாது'ன்னு. பாவம், குழந்தை மனசு" என்று கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்து மனைவியின் தோளுக்கு மேலாகப் படித்தார். இரண்டாம் முறை படித்தார். பிறகு என்னிடம் மிக மரியாதையாக, "நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர். இந்தப் பொண்ணு எந்த லைன்?" என்று கேட்டார். தலைமை ஆசிரியை பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் காதில் விழ வேண்டும் என்று நான் நிமிர்ந்து நின்று சொன்னேன்: "மூணாவது லைன் சார். எட்டாம் நம்பர்."

மறுநாள் காலை எட்டாம் எண் வீட்டின் தரையைத் தோண்டினார்கள். உரலைக் கவிழ்த்துப் பொடியைக் காகிதத்தில் சேர்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கன்னியப்பனுக்கு வேலை போயிற்று. வேலை போனால் வீடும் போகும், அது விதி. ஒரு வாரத்தில் அவர்கள் பூதிகோட்டைக்கு, மனைவியின் அண்ணன் வீட்டுக்கு, பாத்திரங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அமுதா சிலேட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டியின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அந்த வாரமே மாணிக்கத்துக்கு லாம்ப் ரூமில் வேலை மாறியது. தொப்பி விளக்குகளைத் துடைத்துக் கொடுக்கும் வேலை, மேலே, வெளிச்சத்தில். கல் தூசி நெஞ்சில் இறங்கி இருமிக்கொண்டிருந்த மனிதர், எட்டு மாதமாக மனு போட்டுக்கொண்டிருந்தவர். அந்த மனுவை இங்கிலீஷில் எழுதிக்கொடுத்தவளே நான்தான். உத்தரவு அந்த வாரம் வந்தது. லைனுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

யாரும் அவரை அடிக்கவில்லை. முகத்துக்கு நேராக ஒரு வார்த்தை சொல்லவில்லை. லைன் பெண்கள் ஒன்றே ஒன்று செய்தார்கள். மாணிக்கத்தின் மனைவி ரோசம்மா உலக்கையைக் கையில் எடுத்தால், மற்ற வீடுகளில் உலக்கை நின்றுவிடும். அவர் இடித்தது வெறும் மிளகாய்தான். ஆனால் மூன்று லைனுக்கும் அவருடைய உலக்கை மட்டும் கேட்கும். இடித்து முடித்து அவர் உள்ளே போனதும் மற்றவர்கள் தொடங்குவார்கள். கொஞ்ச நாளில் அவர் பேட்டைக் கடையிலிருந்து அரைத்த பொடி வாங்க ஆரம்பித்துவிட்டார். உன் நாவலில் தண்டனைக்கென்று இருட்டுக் கொட்டடிகளும் இயந்திரங்களும் வைத்திருக்கிறாய். மிளகாய் வாசனையோடு, சிரித்துப் பேசிக்கொண்டே, நல்ல பெண்கள் சேர்ந்து கொடுக்கக்கூடிய தண்டனையை நான் என் சன்னலுக்குப் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அப்பாவிடம் அந்த வாரமே சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து, "இப்ப போய் சொன்னா கன்னியப்பனுக்கு வேலை திரும்ப வருமா?" என்று கேட்டார். "வராது" என்றேன். "அப்ப மாணிக்கத்துக்காவது சொல்லு." "லைன்ல என்ன நெனப்பாங்க?" என்று நான் கேட்டேன். அவர் துண்டில் கையைத் துடைத்தார். "அது உன் இஷ்டம் டீச்சர்" என்றார். வீட்டில் அவர் என்னை டீச்சர் என்று கூப்பிட்டது அந்த ஒருமுறைதான். அதனால் சொல்கிறேன், பயத்தால் பேசாமல் இருந்தேன் என்று என்னைக் காப்பாற்றி எழுதிவிடாதே. யாரும் என்னை மிரட்டவில்லை. என் வீடு போயிருக்காது. போயிருக்கக் கூடியது என் பெயர் மட்டும்தான். சில வருடங்களில் மாணிக்கம் இறந்தார். பெட்டியைத் தூக்க நம் லைனில் வேறு யாரும் வரவில்லை. மாரிகுப்பத்திலிருந்து அவர் மச்சான்கள் மூன்று பேர் வந்தார்கள், நான்காவது ஆள் உன் அப்பா. திரும்பி வந்து குளித்தவர் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒருநாள் சட்டையெல்லாம் செம்மண்ணாக வந்தாய். என்ன என்று கேட்டதற்கு, "காட்டிக்குடுத்தவன் வீட்டு மேல கல்லு போட்டோம் மம்மி. ஓட்டுல விழுந்துச்சு" என்றாய், பெருமையாக. உன் முதுகில் ஓர் அடி வைத்தேன். கல்லெறிவது ரௌடிகளின் பழக்கம் என்று அரை மணி நேரம் புத்தி சொன்னேன். அந்த மனிதர் ஒன்றும் செய்யவில்லை என்ற ஒரு வரியைச் சொல்லவில்லை. நீ கல்லை விட்டுவிட்டாய், கதையை வைத்துக்கொண்டாய். அது இன்று முந்நூறு பக்கமாக என் மேசையில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. உன் பத்தாவது வகுப்புப் பரீட்சை முடிந்த கோடையில் ஒரு கல்யாணத்துக்காகப் பூதிகோட்டைக்குப் போயிருந்தேன். தக்காளித் தோட்டத்தில் கூடை சுமந்துகொண்டிருந்த ஒரு பெண் ஓடி வந்து, "குட் மார்னிங் மிஸ்" என்றாள். அமுதா. இடுப்பில் ஒரு குழந்தை. அதை இதை விசாரித்துவிட்டு, குரலை இறக்கி, "மிஸ், ஒண்ணு கேக்கணும். நா அன்னிக்கு எழுதினனே, அதனாலதான் அப்பாவுக்கு வேலை போச்சா?" என்று கேட்டாள். பத்து வயதிலிருந்து அந்தக் கேள்வியைச் சுமந்திருக்கிறாள். நான் அவள் கன்னத்தைத் தொட்டு, "சீ, இல்லம்மா. யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க, ஊருக்கே தெரியுமே" என்றேன். அவள் முகம் தெளிந்தது. அதுவரை நான் சொல்லாமல் இருந்தவள். அன்று பொய் சொன்னவள். ஒரு குழந்தையின் பாரத்தை இறக்க, செத்துப்போன ஒரு மனிதரின் மேல் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். நீ எதை எப்படி மாற்றி எழுதினாலும் அமுதாவின் மேல் ஒரு துளிப் பழியும் விழக் கூடாது. எழுதியது குழந்தை. ஒட்டியவள் நான், வீட்டு எண்ணைச் சொன்னவளும் நான்.

போன வருடம் பெங்களூரில் உன் பதினான்காம் மாடி வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். உன் வீட்டில் வேலை செய்யும் மஞ்சுளா போகும்போது கேட்டில் பையைத் திறந்து காட்ட வேண்டும். ஒருநாள் அவளோடு கீழே இறங்கினேன். காவலாளி ஒன்றும் சொல்வதற்கு முன்பே அவள் பையைத் திறந்து நீட்டினாள், கையை இரண்டு பக்கமும் கொஞ்சம் தூக்கிக்கொண்டாள். சுரங்கத்து ஷாப்டிலிருந்து மேலே வந்தவர்கள் அப்படித்தான் நிற்பார்கள். உன்னிடம் கேட்டபோது, "அது எல்லாருக்கும் உள்ள ரூல் மம்மி. அபார்ட்மென்ட் கமிட்டியில ஓட்டுப் போட்டுத்தான் கொண்டுவந்தோம்" என்றாய். என் கையிலும் ஒரு பை இருந்தது. அதை யாரும் பார்க்கவில்லை. உன்னைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. பகலில் அந்தக் கமிட்டியில் கையைத் தூக்கிவிட்டு, மாலையில் உட்கார்ந்து கொடுமையான நகரத்தைப் பற்றி மனம் கசிந்து எழுதுகிறவனை எனக்குப் புரிகிறது. நீ என் பிள்ளை. உன் நாவலில் தீமை எல்லாம் உயரத்தில் ஒரு மாளிகையில் இருக்கிறது. நான் பார்த்த தீமை நல்ல கையெழுத்தில், மதிப்பெண்ணோடு, பாராட்டிக்கொண்டே வந்தது. அதைச் செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போனார்கள். அந்த ஊரை எழுது. அதை எழுத உனக்குத் திறமை இருக்கிறது.

புதன்கிழமை ரோசம்மா வீட்டுக்குப் போனேன். இன்னும் அதே ஏழாம் எண்தான்; கணவருக்குப் பிறகு கம்பெனி ஆஸ்பத்திரியில் கூட்டும் வேலை கிடைத்ததால் வீடு தங்கியது. வயது எண்பத்திரண்டு. வாசலில் முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தார். "வாங்க டீச்சர். இன்னா இவ்ளோ தூரம், முட்டி வலிய வச்சிக்கினு" என்று முக்காலியை இழுத்துப் போட்டார். அந்த வாசலில் நான் உட்கார்ந்தது அதுவே முதல் முறை. ஒன்றையும் குறைக்காமல் சொன்னேன். பலகை, அதிகாரி கேட்டது, நான் சொன்ன பதில், பூதிகோட்டையில் சொன்ன பொய், உன் நாவல். அவர் கீரை உருவுவதை நிறுத்தவில்லை. முடித்ததும், "ரோசம்மாக்கா, உங்க வீட்டுக்காரர் சொல்லல. அத உங்ககிட்ட சொல்லணும்னுதான் வந்தேன்" என்றேன்.

"எம் புருசன் சொல்லலன்னு எனக்குத் தெரியாதா டீச்சர்?" என்றார். குரல் உயரவில்லை. "எனக்குத் தெரிஞ்சத எங்கிட்டயே வந்து சொல்றீங்க. இத்தினி வருசமா தெரியாதவங்க எதிர் வீட்லயும் பக்கத்து வீட்லயும் கீறாங்க. அவங்கள்ல பாதிப் பேரு போயே சேந்துட்டாங்க."

"என்ன மன்னிச்சிடுங்க" என்றேன்.

"அத அப்புறம் பாக்கலாம். மொதல்ல சொல்ல வேண்டியவங்க கிட்ட சொல்லுங்க." அடுத்த கொத்துக் கீரையை எடுத்துக்கொண்டு, "உங்க புள்ள புஸ்தகத்துல அவர நல்லவருன்னு எழுதச் சொல்லிடாதீங்க. கோவம் வந்தா தட்டத் தூக்கிப் போடுவாரு. செய்யாதத செஞ்சாருன்னு எழுதாம இருந்தா போதும்" என்றார். உருவிய கீரையில் பாதியை ஒரு காகிதத்தில் சுற்றி என் கையில் கொடுத்தார். நான் தயங்கினேன். "எடுத்துகினு போங்க. கீரை இன்னா பாவம் பண்ணுச்சு" என்றார்.

அங்கிருந்து நேராகப் பங்குச் சாமியாரிடம் போனேன். உன்னைவிட இருபது வயது இளையவர். அடுத்த வார ஞாயிறு பூசை முடிந்ததும் சபைக்கு முன்னால் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டேன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "டீச்சர், இதைப் பாவசங்கீர்த்தனத் தொட்டியில என்கிட்ட சொன்னாலே போதுமே" என்றார். "உங்களுக்கு முன்னால இருந்த மூணு பேர்கிட்ட சொல்லிட்டேன் ஃபாதர். மூணு பேரும் ஜெபமாலை சொல்லச் சொன்னாங்க. சொல்லிட்டேன்" என்றேன். அவர் ஒலிவாங்கியை என் உயரத்துக்கு இறக்கி வைக்கச் சொல்வதாகச் சொன்னார். அதற்கு அடுத்த ஞாயிறு நான் பூதிகோட்டைக்குப் போகிறேன். அமுதாவிடம் நேரில் சொல்ல வேண்டியது தனியாக இருக்கிறது. அது அவள் தப்பில்லை என்பதை இந்த முறை உண்மையைச் சொல்லியே சொல்ல வேண்டும். இந்தக் கடிதத்தையும் நான் மூடி அனுப்பவில்லை. படிக்க விரும்புகிற யாரும் படிக்கலாம்.

உன் நாவலுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். ஏழாம் எண் வீட்டுக்காரரின் மேல் இருக்கும் பழியை எடுத்துவிடு. அதை அந்த ஆசிரியையின் மேல் வை. அவளை அரக்கியாக எழுதாதே. அவள் நன்றாகப் பாடம் நடத்தினாள், அதுவும் உண்மை. அச்சகத்துக்குத் தாமதமாகும் என்றால் தாமதமாகட்டும். முதல் பக்கத்தில் 'யாருக்கும் வளையாத என் அம்மாவுக்கு' என்று போட்டிருக்கிறாயே, அதன் மேல் பென்சிலால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். அந்த இடத்தில் என்ன எழுதுவது என்று நான் சொல்ல மாட்டேன். உனக்குக் கோபம் வரலாம். இந்தக் கடிதத்துக்குப் பிறகு நீ என்னிடம் கொஞ்ச நாள் பேசாமலும் இருக்கலாம். உன் அப்பாவின் மௌனத்தைப் பொறுத்துக்கொண்டவள், உன்னுடையதையும் பொறுத்துக்கொள்வேன்.

அடுத்த வார ஞாயிறு பூசை எட்டு மணிக்கு. வருவதானால் சனிக்கிழமையே வந்துவிடு. காலை ரயில் சரியாக வருவதில்லை. கோயிலுக்குள் வந்து என் பக்கத்தில் உட்கார வேண்டாம். இடது பக்கம் மூன்றாவது பெஞ்சில் ரோசம்மா இருப்பார். அவர் பக்கத்தில் இரண்டு ஆள் இடம் காலியாக இருக்கும். அங்கே யாரும் உட்காருவதில்லை. ஏன் என்று இப்போதிருக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது, பெற்றவர்கள் உட்காராததைப் பார்த்து அவர்களும் தள்ளி உட்காருகிறார்கள். நீ போய் அங்கே உட்கார்.

உன் அம்மா